பகல்ல பாக்க வந்தவுக

டக்கு டக்குன்னு கேக்கவும் வெளியவே நின்னுட்டீகளாக்கும்? பயப்படாம ஷட்டருக்குக் கீழ குனிஞ்சு வாங்க மேடம். மரஉருளைதான் சுத்துது. இது சுத்தச் சுத்தத்தான் போர்டுல பல்பு மாறி மாறி எரியும். அம்மன் கையத் தூக்கும், மயிலு தோகைய விரிக்கும். இப்ப போர்டுக்குக் கரண்டு குடுக்கல, மோட்டார மட்டும் ஓடவிட்டுப் பாக்கேன்.

ஆமா, திருவிழாவுக்குக் கட்டுற சீரியல் செட்டுதான். யாரும் சொல்லித் தரல. மைக் செட்டுக்குக் காவல் இருந்தப்ப, விடிய விடிய எரியிற போர்டையே பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டது. இருவத்தாறு வருசமாப் பகல்ல தூங்குறவன் நான். இன்னைக்கி நீங்க வாரீகன்னு முழிச்சிருக்கேன்.

குறை சொல்லல மேடம். இந்த ஜின்னிங் பாக்டரிய மூடுன பெறகு தெருவுல நாயிதான் படுத்துக் கெடந்துச்சு. நீங்க ரூமு ரூமாத் தடுத்துக் குறைஞ்ச வாடகைக்கிக் குடுத்தீக. நாடகப் படுதா வரையிற சின்னச்சாமி வந்தாரு, கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுற மதன்குமாரு வந்தான், நாங்க வந்தோம். எங்களத் தேடி ஆளு வரவும் டீக்கடை வந்துச்சு, பெறகு பரோட்டாக் கடை. இப்ப வண்டி நிப்பாட்ட எடமில்ல. வெளியூர்க்காரனெல்லாம் ரூமு கேட்டு அலையிறான். அதான் யார வச்சுக்கிடலாம், யாரக் காலி பண்ணலாம்னு பாக்க வந்திருக்கீக. தெரியும்.

போட்டுக் காட்டவா? பகல்ல ஒண்ணுந் தெரியாது மேடம். போன வருசமும் ஆபீசருக இப்பிடித்தான், ரெண்டு மணி வெயில்ல போர்டப் பாக்க வந்தாக. எரியுதா இல்லையான்னு எனக்கே தெரியல. பின்னால கறுப்புத் துணி கட்டுனாத் தெரியும்னு போர்டு மேல ஏறுனான் வீரணன். என் கூட்டாளி. ஆமா, அந்த வீரணன்தான். கரண்டு அடிச்சுச் செத்தான்னு பேப்பர்ல வந்துச்சுல்ல.

எங்களுக்குள்ள ஒரு பழக்கம் உண்டு. சாமி கண்ணுல பல்பு எரிஞ்சிட்டா அதுக்கு மேல ஒருத்தனும் காலு வைக்க மாட்டோம். ஒரு வரிசை எரியலைன்னாக்கூட மெயின அணைச்சு, கும்பிட்டுட்டுத்தான் ஏணியச் சாத்துறது. அன்னைக்கி அவன் செருப்பக் கழட்டிட்டு நின்னான். மெயினப் பாத்தான், என்னையப் பாத்தான்.

அத விடுங்க. ரூமு என் பேருல வேணாம் மேடம். அவன் வீட்டுக்காரி சுமதி பேருக்கு மாத்திக் குடுங்க. பத்து மாசமா அவதான் ஒயருல ஈயம் பத்தவச்சு போர்டு கட்டுறா. அந்தப் புது மயிலு முழுக்க அவ கைவேலை. எனக்கு வாய்க்காத நெளிவு அந்தக் கழுத்துல இருக்கு. காலி பண்ணுனா அந்தப் பிள்ளைக்கிப் போக வேற எடம் கெடையாது. எரியிறதப் பாக்கணும்னா வெள்ளிக்கிழமை நரிக்குடிப் பக்கம் கோயில் பொங்கலுக்குக் கட்டுறோம், இருட்டுன பெறகு வாங்க.

நானா? அவகிட்டயே கூலிக்கி இருந்துக்கிடுறேன். பெரிய மனசெல்லாம் இல்ல மேடம். “இது என்ன கோயிலா, ஆபீசருகதான பாக்காக, மெயின அணைச்சா எந்திரிச்சுப் போயிருவாக, சும்மா ஏறுலே”ன்னு அன்னைக்கி அவன்கிட்டச் சொன்னது நாந்தான். அவளுக்குத் தெரியாது.

டீ வாங்கப் போயிருக்கா, வந்துருவா. நீங்க அவ பேர எழுதிக்கிடுங்க. காலுகிட்ட ஒயரு கெடக்கு, பாத்து. நான் இந்தப் பல்பயெல்லாம் தொடச்சு முடிச்சிருறேன்.