வேலிக்கு வெளியே ஒரு வெளிச்சம்

இந்திராணி: கஸ்தூரியக்கா, படகு ஆடுது. கோல இன்னும் அழுத்தி ஊணுங்க.

கஸ்தூரியம்மாள்: சேத்துல இதுக்கு மேல எறங்காதும்மா. நீ ஒன் லேசர் பெட்டிய பாரு.

இந்திராணி: கண்ண அந்தப் பக்கம் திருப்பிக்குங்க. லேசர் ஒளி, பட்டா கண்ணு போயிடும்.

கஸ்தூரியம்மாள்: அம்மாந்தூரத்துல நிக்கிற மரத்துக்கு இங்கேந்து நாடி புடிப்பியா? நல்ல டாக்டரும்மா நீ...

இந்திராணி: சிரிக்காதீங்க. இந்த ஒளி விழுந்தா இலையே மங்கலா, சிவப்பா ஒரு ஒளிய விடும். நமக்குத் தெரியாது, பெட்டி புடிச்சிக்கும். நோவு வந்த இலைன்னா அது மாறிடும்... பச்சை வெளுக்கறதுக்கு முன்னாடியே.

கஸ்தூரியம்மாள்: அதான் வேணும்! மரம் பச்சையாத்தானே கீது, என் பண்ணைக் கழிவுத் தண்ணியால இன்னா கெட்டுச்சின்னு ஊர்க்கூட்டத்துல கேட்டாரே, எறா பண்ண மொதலாளி...

இந்திராணி: கேட்டுட்டு ஏரிக்கரைக் கண்டல் மரத்தச் சுத்தி வேலியும் போட்டுட்டாரு. ஒரு இலை கிள்ள வழியில்ல.

கஸ்தூரியம்மாள்: கிள்ளுவானேன்? ஏரியிலேந்தே... இரு, பெட்டியில முள்ளு ஏறுதே! இன்னாது?

இந்திராணி: கழிவு வாய்க்கா ஓரத்து மரம். தள்ளி இருக்குற மரத்துக்கும் இதுக்கும் ரொம்ப வித்தியாசம் அக்கா.

கஸ்தூரியம்மாள்: நோவுதானே?

இந்திராணி: அப்படித்தான் காட்டுது. இன்னும் சில மரம் பாத்தா அடிச்சிச் சொல்லிடுவேன்.

கரையில் டார்ச் அடிக்கும் காவல்காரர்: யாரது படகுல? அணைங்க அத! மொதலாளி எடம் இது!

கஸ்தூரியம்மாள்: வேலிக்கு உள்ளதான் அவரு எடம்! ஏரிய யாரு எழுதிக் குடுத்தாங்கோ? நவுர மாட்டோம்!

இந்திராணி: அக்கா, மெதுவா... அட, டார்ச்ச அணைச்சிட்டாரே. போயிட்டாரா?

கஸ்தூரியம்மாள்: போவட்டும். நீ வேலய பாரு.

இந்திராணி: உங்ககிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன் அக்கா... இந்தச் சோதனை வேணாம், பெட்டிய எடுத்துட்டு மெட்ராஸ் வந்துடுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. மீறித்தான் வந்திருக்கேன். என் வேலை போனாலும் போகும். உங்களுக்கு வம்புன்னா சொல்லுங்க, திரும்பிடலாம்.

கஸ்தூரியம்மாள்: திரும்பறதா? டார்ச்ச அணைச்சது என் வூட்டுக்காரரும்மா. எங்கொரலு தெரியாதா அவருக்கு... நாளைக்கு அவரு வேலையுந்தான் போவும். போனா போவட்டும், நீ அடுத்த மரத்துக்குத் திருப்பு!