பன்னிரண்டு அடியில் பாறை

லோர்னா: கேக் மட்டும் இன்னும் நிக்குது, ஆர்வில்.

ஆர்வில்: எந்தக் கேக்?

லோர்னா: திறப்பு விழாவுக்குப் பாலம் மாதிரியே பண்ணி வச்சாங்களே. ஏழு மணி விருந்துல வெட்டறதா இருந்தது. ஆறு மணிக்கு நிஜப் பாலம் ஆத்துல படுத்துருச்சு. நாலு நாளா ஊராட்சி ஆபீஸ் ஃபிரிட்ஜுல இருக்கு. வெட்ட யாருக்கும் மனசு வரல.

ஆர்வில்: கேக்குக்கு அடித்தளம் நல்லாப் போட்டிருப்பாங்க.

லோர்னா: இதை வியாழக்கிழமை தலைநகர் ரெஜைனாவிலேர்ந்து வர்ற இன்ஜினியர்கிட்ட சொல்லுங்க. ரொம்பச் சிரிப்பார்.

ஆர்வில்: மேல ஆள் யாரும் இல்லாமப் போச்சே. அதுவே பெரிசு.

லோர்னா: ஏதோ செஞ்ச புண்ணியம். சரி, இந்தக் காகிதத்தைப் படிங்க.

ஆர்வில்: கண்ணாடி டிராக்டர்ல கிடக்கு.

லோர்னா: உங்க மூக்கு மேல இருக்கு.

ஆர்வில்: ...ஓ.

லோர்னா: நாலே வரிதான். 'ஆற்றங்கரையில் பன்னிரண்டு அடியில் பாறை இருப்பதாகப் பாலம் பற்றிய கவுன்சில் கூட்டத்தில் தெரிவித்தது நான்.' கீழ ஒரு கையெழுத்து.

ஆர்வில்: நான் மட்டுமா சொன்னேன்?

லோர்னா: வேற யார் சொன்னா?

ஆர்வில்: தலையாட்டினாங்களே. ஆறு தலை. எண்ணினேன்.

லோர்னா: தலையாட்டினதை யாரும் குறிப்புல எழுதறதில்ல.

ஆர்வில்: மண்ணைத் துளைச்சுப் பாக்க வேணாம்னு முடிவு பண்ணினது கவுன்சில். நானா?

லோர்னா: எதை நம்பி முடிவு பண்ணினாங்க? 'ஆர்வில் அப்பா அந்தக் கரையில கிணறு தோண்டினவர், இவர் சொன்னாச் சரியாத்தான் இருக்கும்'னு. நீங்க எதிர்ல உக்காந்திருக்கிறப்ப 'எதுக்கும் ஒரு தடவை துளைச்சுப் பாத்துருவோம்'னு எவன் வாயைத் திறப்பான்?

ஆர்வில்: திறந்திருக்கலாம். நான் என்ன கோவிச்சுக்கவா போறேன்?

லோர்னா: உங்க உழவு சால் கோணல்னு சொன்ன மனுஷரோட ஐம்பது வருஷமாப் பேசறதில்ல நீங்க.

ஆர்வில்: கோணலே இல்ல அது!

லோர்னா: பாத்தீங்களா?

ஆர்வில்: ...நீயும்தானே அங்க உக்காந்திருந்தே?

லோர்னா: நான் செயலாளர். எழுதறவ. பேசறவ இல்ல.

ஆர்வில்: சரி, கையெழுத்துப் போடலைன்னா?

லோர்னா: இன்ஜினியர் நேரா தூண் அடிச்சவன்கிட்டப் போவார். வெர்னுக்கு லைசென்ஸ் போயிரும். தூண் அடிக்கிற அந்த ஒரு மெஷினை வச்சுத்தான் அவன் குடும்பம்...

ஆர்வில்: மெதுவா. வெளியில இருக்கான்.

லோர்னா: யாரு?

ஆர்வில்: வெர்ன்தான். என் கோதுமை ஏத்துற மெஷின் மக்கர் பண்ணுது. காலையிலேர்ந்து அதுக்கடியில படுத்துக் கிடக்கான்.

லோர்னா: நீங்களா கூப்பிட்டீங்க?

ஆர்வில்: அவனா வந்தான். யாரும் வேலைக்குக் கூப்பிடலையாம், சும்மா இருக்க முடியலையாம்.

லோர்னா: கடவுளே...

வெர்ன்: ஆர்வில், அந்தப் பெரிய ஸ்பேனர் எங்க? அட, லோர்னா! கையில ஃபைலு? என்னைப் பிடிச்சிட்டுப் போக வந்தியா?

லோர்னா: காபி குடிக்க வந்தேன், வெர்ன்.

வெர்ன்: காபிக்கடையில என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? வெட்டின ரிப்பன் இன்னும் கெட்டியா இருக்காம். அடுத்த பாலத்தை அதுலயே கட்டிருங்கறான் ஒருத்தன்.

ஆர்வில்: ஸ்பேனர் கதவுக்குப் பின்னாடி.

வெர்ன்: அன்னிக்கே எனக்குச் சந்தேகம்தான். ரெண்டாவது தூண் சேத்துல குச்சி இறங்கற மாதிரி இறங்குச்சு. 'பாறை எங்க?'ன்னு ஊராட்சித் தலைவரைக் கேட்டேன். 'ஆர்வில் சொன்னா இருக்கும்யா, இன்னும் ரெண்டடி அடி'ன்னார். அடிச்சேன்... நான் நிறுத்தியிருக்கணும். தப்பு என்மேலதான்.

ஆர்வில்: ஸ்பேனரை எடுத்துக்கிட்டுப் போ, வெர்ன்.

வெர்ன்: என்ன ரெண்டு பேரும் துக்க வீட்டுல உக்காந்த மாதிரி? ஒரு மணி நேரத்துல மெஷின் ஓடிரும். காபி வேணாம், கையெல்லாம் கிரீஸ்.

லோர்னா: ...போயிட்டானா?

ஆர்வில்: ம்.

லோர்னா: இந்தாங்க பேனா.

ஆர்வில்: பாறை இல்ல, லோர்னா.

லோர்னா: அதான் இப்ப ஊருக்கே தெரியுதே.

ஆர்வில்: அப்பவே இல்ல. அப்பா அந்தக் கிணத்துல முப்பது அடி போனார். பூராவும் சாம்பல் நிறக் களிமண். வச்ச ஏணியையே உள்ள இழுத்துக்கிச்சு. மூடிட்டு மேட்டுல போய்த் தோண்டினார். பாறை வந்தது அங்க.

லோர்னா: தெரிஞ்சேதான் சொன்னீங்களா?

ஆர்வில்: மண்ணைச் சோதிச்சா இன்னொரு வருஷம் ஆகும்னாங்க. பழைய பாலத்தை மூடினதிலேர்ந்து என் வீட்டுக்காரி ஹில்டாவைப் பாக்க ஐம்பது மைல் சுத்திப் போறேன். பனி கொட்டினா அதுவும் இல்ல. அவகிட்ட ஒரு வருஷம் இருக்கான்னு டாக்டருக்கே தெரியல.

லோர்னா: அக்கரையில அவ இருக்கிற முதியோர் இல்லம் இங்கேர்ந்தே தெரியுது.

ஆர்வில்: சாயங்காலம் லைட் போடுவாங்க. மூணாவது ஜன்னல் அவளோடது.

லோர்னா: பாலத்துல ஒரு தடவையாவது போனீங்களா?

ஆர்வில்: திறந்த அன்னிக்கே ரெண்டு மணிக்குப் போயிட்டு நாலு மணிக்கு வந்தேன். போய்ச் சேரப் பதினோரு நிமிஷம்தான்.

லோர்னா: ஹில்டா என்ன சொன்னா?

ஆர்வில்: 'என்ன, இவ்வளவு சீக்கிரம் வந்துட்டே?'ன்னா. குடு அந்தக் காகிதத்தை. தெரிஞ்சே சொன்னேன்னு ஒரு வார்த்தை சேத்துக்கறேன். ...இது என்ன, அஞ்சாவது வரி? நாலுன்னு சொன்னே?

லோர்னா: அது... வழக்கமான கேள்வி.

ஆர்வில்: 'இத்தகவல் பிழை என்று கூட்டத்தில் இருந்த வேறு எவருக்கேனும் தெரியுமா?' பதில் எழுதி வச்சிருக்கு. 'இல்லை.' உன் எழுத்து.

லோர்னா: உங்களுக்கு ஒரு வேலை மிச்சம்னு...

ஆர்வில்: எங்கப்பா தனியாத் தோண்டல, லோர்னா. மேல நின்னு கயிறு பிடிச்சார். கீழ இறங்கினது உங்கப்பா.

லோர்னா: காபி ஆறிப்போச்சு.

ஆர்வில்: அன்னிக்குப் பாறைன்னு சொல்லிட்டு நான் உன்னைத்தான் பாத்தேன். நீ நிமிரவே இல்ல, எழுதிக்கிட்டே இருந்தே. உங்கப்பா வீட்டுல ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டார்னு நினைச்சுக்கிட்டேன்.

லோர்னா: சொல்லலதான். அவர் என்னிக்குப் பேசினார்? கிணத்துலேர்ந்து வந்து கால்சட்டையைக் கழட்டி வாசல்ல போட்டுட்டு உள்ள போயிட்டார். எனக்குப் பத்து வயசு. துவைச்சது நான். மூணு தண்ணி மாத்தியும் அந்தச் சாம்பல் களி போகல... அந்த 'இல்லை'யை அடிச்சுட்டு என் பேரை எழுதுங்க, ஆர்வில். என் கைக்கு வரமாட்டேங்குது.