முதுகில் ஏறிய குஞ்சு

முக்குளிப்பான் பறவையைப் படம்பிடிக்க முதலில் வேண்டியது ஒரு நல்ல நாற்காலி. ஸ்கோப் எல்லாம் அப்புறம்தான். என்னுடையது தோள்பையில் அடங்கிவிடுகிற சின்ன ஒற்றைக்கண் தொலைநோக்கி. கண் வைக்கும் பக்கத்தில் போனைக் கிளிப் போட்டு மாட்டினால், ஏரி நடுவில் இருக்கும் பறவை மடியில் உட்கார்ந்த மாதிரி தெரியும். ஆனால் மூச்சு பட்டாலே படம் ஆடும். உட்காரத் தெரியாதவனுக்கு இந்த வேலை ஒத்துவராது.

எனக்கு உட்காரத் தெரியும். மூக்குக் கண்ணாடிக் கடையில் பாதி ஆயுளைக் கழித்தவன். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்பேன். இத்தனை பேர் கண்ணைச் சரிபண்ணியும் என்னை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. நெட்டில் பறவை வீடியோ போட ஆரம்பித்த பிறகுதான் முகம் தெரியாதவர்கள், "அடுத்தது எப்போ அண்ணே?" என்று கேட்டார்கள். எனக்கு அது வேண்டியிருந்தது.

என் மனைவியின் தம்பி நல்ல பையன். வாய் மட்டும் சும்மா இருக்காது. "மாமா, எங்க அக்காவை என்னைக்காவது இப்படி உத்துப் பாத்திருக்கீங்களா?" என்பான். ஆனால் கூப்பிட்ட இடத்துக்கு வருவான்.

அந்த முக்குளிப்பான் கோரைக்கு நடுவே மிதக்கும் கூடு கட்டியிருந்தது. பொரிந்த குஞ்சு தாயின் முதுகில் ஏறிச் சவாரி போகும். அந்த முதல் ஏற்றத்தைத்தான் எடுக்க நினைத்தேன். கோரை மறைத்தது. தாய் இரை தேடப் போன நேரம் பார்த்து, கோரையை விலக்க மைத்துனனைப் படகில் அனுப்பினேன்.

அவனுக்கு நீச்சல் தெரியாது. அது எனக்குத் தெரியும். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றச் சொன்னதும் நான்தான். பளிச்சென்ற ஆரஞ்சு நிறம், பறவை மிரண்டுவிடும். "அது முக்குளிச்சா தானா வெளிய வந்துரும் மாமா. நான் முக்குளிச்சா நீங்கதான் வரணும்," என்றான். "வரேன்டா, போ," என்றேன். ஜாக்கெட்டை மடித்து நாற்காலியில் சாய்த்து வைத்துக்கொண்டேன். முதுகுக்கு இதமாக இருந்தது.

வேலை முடிந்ததும் கூட்டுக்குப் பின்னால் தள்ளிப் போய், படகுக்குள் அசையாமல் படுத்திருக்கச் சொல்லியிருந்தேன். பறவை திரும்பி வந்தது. அவனும் சொன்னபடி வெகுநேரம் கிடந்தான். கால் மரத்துப்போயிருக்கும். எழுந்து நின்றான், படகு கவிழ்ந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் குஞ்சு தாயின் சிறகைப் பற்றி ஏற ஆரம்பித்தது.

சார், என் போனிலிருந்து நீங்கள் கைப்பற்றிய வீடியோவில் ஓரிடத்தில் பறவை மங்கி, பின்னால் இருப்பது தெளிவாகும். கை தவறிவிட்டது என்று சொல்லச் சொன்னார் வக்கீல். எனக்கு அலுப்பாக இருக்கிறது, உண்மையையே சொல்லிவிடுகிறேன். கை தவறவில்லை. ஃபோகஸ் வளையத்தைத் திருப்பி அவன் முகத்தைப் பார்த்தேன். என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான். வளையத்தைப் பழையபடி பறவைக்கே திருப்பினேன். கடையில் தினமும் செய்கிற வேலைதான்.

எனக்கு நீந்தத் தெரியும். பக்கத்தில் இன்னொரு படகும் கட்டிக் கிடந்தது. ஆனால் நான் ஒரு குரல் கொடுத்தாலும் பறவை கலைந்துவிடும், குஞ்சு தண்ணீரில் விழும். அதுவும் ஓர் உயிர்தானே. குஞ்சு ஏறி முடித்ததும் ஓடினேன். அதற்குள் தண்ணீர் அடங்கிவிட்டது.

அடக்கம் முடிந்து, வீட்டில் எல்லோரும் ஓய்ந்த பிறகு வீடியோவைப் போட்டேன். மங்கிய இடத்தை வெட்டினேன். அவன் சத்தத்தை எடுத்துவிட்டுப் புல்லாங்குழல் சேர்த்தேன். கல்நெஞ்சும் கரையும் என்று ஒருவர் எழுதியிருந்தார். இன்னொருவர் மட்டும், "அண்ணே, பின்னாடி கவிழ்ந்து கிடக்கிறது படகா?" என்று கேட்டார். ஸ்டேஷனில் உங்களிடம் புகார் கொடுத்ததும் அவராகத்தான் இருக்கும்.

நேற்று நீங்கள், வெட்டாத முழு வீடியோவை என் மனைவிக்குக் காட்டினீர்கள். குரல் கொடுக்காததற்கு நான் முன்பே சொன்ன காரணத்தையும் சொன்னீர்கள். அவள் அழவில்லை. கடைசிவரை பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"பக்கத்துலயே கிடந்து அவன் அந்தக் கத்து கத்தியிருக்கான். அதுக்கே அசையாத பறவை, கரையிலிருந்து நீங்க ஒரு குரல் குடுத்தா கலைஞ்சிருக்குமா?"

பாவம், அவளுக்குப் பறவைகளைப் பற்றி ஒன்றும் தெரியாது.