தங்கச்சி வருவா

ஈப்போவிலிருந்து சுங்காய் போகும் பஸ்ஸில், என் முன் இருக்கையில் இருந்த ரப்பர் தோட்டத்து அம்மாள், பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம் சொன்னார்: "வலிச்சிருந்தாவது நம்பியிருப்பேன்லா."

"என்னக்கா?"

"பல்லு புடுங்கப் போனேன். கன்னத்துக்குள்ள வெள்ளையா படிஞ்சிருக்குன்னு துளி சதைய வெட்டி சோதிச்சாங்க. இன்னிக்கு புத்துநோய்ன்னுட்டாங்க. ஆரம்பந்தானாம், ஆபரேஷன் செஞ்சா சரியாயிடுமாம்."

"நல்லவேளக்கா. இனிமே வெத்தல, பொகையில வேணாம்."

"அத விட்டுருவேன். தொணைக்கு ஆள் கூட்டியாரச் சொன்னாங்க. புருஷன் இல்ல, மகன் சிங்கப்பூர் போனவன் திரும்பல. தங்கச்சி வருவான்னு சொல்லிட்டேன். எனக்கு ஏது தங்கச்சி?"

பீடோரில் அந்தப் பெண் இறங்கினாள். கீழே நின்று ஜன்னலைப் பார்த்து, "என்னிக்குக்கா ஆபரேஷன்?" என்று கேட்டாள்.

"புதன்கிழம" என்று அந்த அம்மாள் சொன்னபோது பஸ் கிளம்பிவிட்டிருந்தது.