பல் ஆஸ்பத்திரியில் பூச்சி

தொலைபேசி மணி அடித்தபோது, பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் அந்தப் பெண் ஜன்னலுக்கு வெளியே எலுமிச்சைச் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பறவையும் பட்டாம்பூச்சியும் வரட்டும் என்று கட்டடத்தைச் சுற்றி டாக்டர் வைத்த தோட்டம். தண்ணீர் ஊற்றுவது இவள். செடியில் பதினொரு புழுக்கள். இன்றோ நாளையோ கூடு கட்டிவிடும்.

“ஹலோ, பல் ஆஸ்பத்திரிங்க... ஆமாங்க... பூச்சியா? எத்தனை நாளா?... ரெண்டு மாசமா? அவ்வளவு நாள் விடலாமாண்ணே... மேலயா, கீழயா?... ரெண்டுலயுமா. சரி, சரி... கூச்சம் இருக்கா?... பதினாறு வருஷமா இல்லையா?... தொழிலா? என்ன தொழில்?”

அவள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

“பூச்சிமருந்து அடிக்கிறவரா... நான் பல்லுல பூச்சின்னு நெனச்சுட்டேன்... யார் வரச் சொன்னது?... டாக்டர் வீட்டம்மாவா. ஆமா, ஆமா, முந்தாநாள் அவங்க தோள்ல ஒண்ணு விழுந்துச்சு... புழு சின்னதுதாங்க, சத்தம்தான் பெருசு... இப்ப எங்க இருக்கீங்க?... நம்ம கேட் பக்கத்துலயா.”

உள்ளே டாக்டர் யாரோ ஒருவரின் கடைவாய்ப் பல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கூப்பிட வழியில்லை.

“அண்ணே, அடிக்காதீங்க. டாக்டர் ஆசை ஆசையா வச்சது... வீட்டம்மா சொல்லுக்கு மேல டாக்டர் சொல்லு ஏதுங்கிறீங்களா... அதுவும் சரிதான், அவரே அதைத்தான் சொல்வாரு... பத்து நிமிஷம் பொறுங்களேன், ஒரு வார்த்தை கேட்டுர்றேன்... முடியாதா... அடுத்த வீட்டுக்குப் போகணுமா...”

அவள் எலுமிச்சைச் செடியை ஒருமுறை பார்த்தாள். அந்த மனுஷனைச் சொல்லியும் குற்றமில்லை.

“சரிண்ணே. உங்க வேலை, நீங்க செய்யுங்க. பார்த்து மட்டும் அடிங்க. தொட்டியில தவளை இருக்கு, பாவம்... சுவத்து ஓட்டையில தேனீ, அது சின்ன ஜாதி, ஒண்ணும் பண்ணாது... அப்புறம் அந்த இலைக்குவியலை மிதிச்சுராதீங்க... சாரை இருக்குங்க... சாரைப்பாம்பு... விஷமெல்லாம் இல்ல, ரொம்ப சாது. அது வந்ததிலேர்ந்து எலித்தொல்லையே இல்ல... எந்தக் குவியலா? கேட்டைத் தாண்டினதும் இடது கைப்பக்கம்... ஆமா, நீங்க நிக்கிற எடம்தான்... ஒண்ணே ஒண்ணுதாண்ணே, பயப்படாதீங்க... இல்ல இல்ல, தப்பாச் சொல்லிட்டேன், போன வாரத்துலேர்ந்து ரெண்டு... அண்ணே? ஹலோ?”

வெளியே கேட் படாரென்று சாத்திக்கொண்டது. பைக் ஒன்று உறுமிக்கொண்டு தெருமுனை திரும்பியது. அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

“அண்ணே, ஒத்தச் செருப்பை விட்டுட்டுப் போறீங்களே... ஹலோ... ஹலோ...”

லைன் எப்போதோ கட்டாகியிருந்தது.