பதினேழாம் எண் வில்லை

வடக்குக் கடல் பக்கம் போகிறவர்கள் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டால் போதும் என்று நினைக்கிறார்கள், இன்ஸ்பெக்டர் சார். போதாது. இரண்டுக்கும் நடுவில் பழைய செய்தித்தாளை மடித்து வைத்துக்கொள்ள வேண்டும். கப்பலில் பாத்திரம் கழுவுகிற ஒரு கிழவர் எனக்கு அதைச் சைகையிலேயே சொல்லிக்கொடுத்தார். டாக்டரம்மாவுக்கு நான்தான் தினமும் வைத்துவிடுவேன். அந்தச் செவ்வாய்க்கிழமையும் வைத்துவிட்டேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் பியாட்ரிஸ். வயது நாற்பத்து நான்கு. என் கணவர் இறந்தபோது மகள் பிரிஜெட்டுக்கு இரண்டு வயது. அந்த வருஷமே டாக்டர் கேத்தரின் ஜெயராஜ் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். பத்தொன்பது வருஷம் இருந்தேன். அவர் கல்யாணம் செய்துகொள்ளாதவர். கண்டோன்மென்ட்டில் பாதிப் பிள்ளைகள் அவர் கையில் பிறந்தவர்கள். உங்கள் வீட்டிலும் யாராவது இருப்பார்கள்.

நல்லவர்தான். நான் இல்லையென்று சொல்லவில்லை. பிரிஜெட் எந்தப் பள்ளியில் படிக்க வேண்டும் என்று அவர்தான் முடிவு செய்தார். டைப்ரைட்டிங் வேண்டாம், தையல் போதும் என்றார். ஒக்கலிபுரத்து ரயில்வே பையன் டொமினிக்கை அவர்தான் பார்த்தார், கல்யாணத் தேதியையும் அவரே குறித்தார். என் வாயில் இரண்டு பல்லைப் பிடுங்க வேண்டும் என்றுகூட அவர்தான் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் கடைசியில் ஒரே வார்த்தை. "உன் நல்லதுக்குத்தான் பியாட்ரிஸ்." பத்தொன்பது வருஷம் ஒருவர் நம் நல்லதையே நினைத்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

போன வருஷம், ஐம்பத்தொன்பதில், நார்வேயிலிருந்து அவருடைய பழைய சிநேகிதி ஒரு கடிதம் எழுதினார். முன்பு இங்கே மிஷன் ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்த்தவர். கோடையில் ஒரு சின்னக் கப்பல் வடகோடிக்குப் போகிறது, பறவை பார்க்கிறவர்களும் பனிமலை பார்க்கிறவர்களுமாக முப்பத்தாறு பேர், உனக்கும் துணைக்கு ஒருவருக்கும் நான் இடம் பிடித்துவிட்டேன், வா என்று. அப்போது பிரிஜெட் தலைப்பிள்ளை உண்டாகியிருந்தாள். எனக்குப் போக மனமில்லை. டாக்டரம்மா அவள் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார்.

"செப்டம்பர் கடைசிக்கு முன்னாடி பொறக்காது. நாம ஆகஸ்ட்லயே வந்துடுவோம். பிரசவம் நான் பாக்குறேன். ஏன் முகத்தைத் தூக்கி வெச்சிருக்கே?"

போனோம்.

கப்பலைக் குறை சொல்ல மாட்டேன். மலைக்கு நடுவே கடல் புகுந்து போகும். மலை உச்சியிலிருந்து தண்ணீர் நூல் மாதிரி விழும். பிறகு மரம் நின்றுபோனது. அதற்கப்புறம் வீடுகளும் நின்றுபோயின. கடைசியில் ராத்திரியும் நின்றுபோனது. சூரியன் இறங்கவே இல்லை. பனிக்கட்டிகள் எருமை மந்தை போல மிதந்துகொண்டு வரும். டாக்டரம்மா சாப்பாட்டு அறையில் என்னைத் தன் பக்கத்தில்தான் உட்கார வைப்பார். என் கையிலிருக்கும் முள்கரண்டியை எல்லோர் முன்னாலும் வாங்கி, சரியான பக்கம் திருப்பிக் கொடுப்பார். வெள்ளைக்காரர்கள் புன்னகை செய்வார்கள். என்ன அன்பு என்று.

அந்த வில்லைகளைப் பற்றிச் சொல்கிறேன். அதுதான் உங்களுக்கு வேண்டியது. ஏணிப்படிக்குப் பக்கத்தில் ஒரு பலகை. அதில் ஆளுக்கொரு பித்தளை வில்லை, எண் போட்டு, ஆணியில் தொங்கும். படகில் ஏறிக் கரைக்குப் போகிறவர் தன் வில்லையை எடுத்துக்கொண்டு போக வேண்டும். திரும்பியதும் மாட்ட வேண்டும். பலகை நிறைந்துவிட்டால் எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம், கப்பல் கிளம்பும். டாக்டரம்மாவுக்குப் பதினேழு, எனக்குப் பதினெட்டு. அவர் எதையும் எங்காவது வைத்துவிட்டு மறப்பவர். அதனால் இரண்டும் என் பையில்தான் இருக்கும். அதுவும் அவருடைய ஏற்பாடுதான்.

செவ்வாய்க்கிழமை ஒரு தீவில் இறங்கினோம். ஆள் கிடையாது. வேட்டைக்காரர்கள் எப்போதோ விட்டுப்போன ஒரு பலகைக் குடிசை, கதவு இல்லாமல். கரையிலிருந்து ஒரு பாறை மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம். மற்றவர்கள் பனி ஆற்றைப் பார்க்கப் போனார்கள். டாக்டரம்மாவுக்கு முழங்கால் வலி. குடிசை வாசலில் உட்கார்ந்து, எதிர்ப் பாறையில் கூடு கட்டியிருந்த பறவைகளைப் பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருந்தார். மூக்குக்கண்ணாடியை எடுத்துக் கொடு என்றார். அவர் கைப்பையைத் திறந்தேன். கண்ணாடிக் கூட்டுக்குக் கீழே ஒரு தந்தி இருந்தது. கப்பல் ஒயர்லெஸ்ஸில் வந்தது. அறை அவர் பெயரில் இருந்ததால் அவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு இங்கிலீஷ் மெதுவாகப் படிக்க வரும். பிரிஜெட் ஆஸ்பத்திரியில், நிலைமை மோசம், அம்மாவிடம் சொல்லவும். டொமினிக் அனுப்பியிருந்தான்.

"டாக்டரம்மா, இது எப்ப வந்தது?"

அவர் பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. "வெள்ளிக்கிழமை."

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா என்ன பண்ணுவே? கப்பலைத் திருப்பச் சொல்வியா? சாப்பிட மாட்டே, தூங்க மாட்டே. செய்ய வேண்டியதை நான் செஞ்சிட்டேன். உன் நல்லதுக்குத்தான் சொல்லலை. அழாதே. இங்க பாரு, அந்தப் பறவை குஞ்சுக்கு ஊட்டுது, எவ்வளவு அழகா இருக்கு பாரு."

நான் அழவில்லை. அவர் அப்படி நினைத்துக்கொண்டார். பைனாகுலரை வாங்கிப் பார்த்தேன். ஊட்டிக்கொண்டுதான் இருந்தது.

நாலு நாள், சார். அந்த நாலு நாளும் நான் அவர் காலுக்கு எண்ணெய் தேய்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே முட்டை சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை திமிங்கலம் வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி கூவினார். அத்தனையும் தெரிந்துகொண்டு.

சிறிது நேரத்தில் மூடுபனி இறங்கியது. கப்பல் மூன்று முறை ஊதியது. மூன்று முறை ஊதினால் எல்லோரும் உடனே கரைக்கு வந்துவிட வேண்டும்.

"இந்தக் கல்லுல என்னால இறங்க முடியாது. நீ போய் ஒரு ஆளைக் கூட்டிட்டு வா," என்றார்.

அவர் தோளில் கம்பளியைச் சரியாகப் போர்த்திவிட்டுப் போனேன். படகுக்காரன் அந்த அம்மா எங்கே என்று கேட்டான். முதல் படகிலேயே போய்விட்டார் என்றேன். கப்பலில் ஏறியதும் பையைத் திறந்தேன். பதினெட்டை மாட்டினேன். பதினேழையும் மாட்டினேன். ஒரு சின்ன அதிகாரி வந்து பலகையைப் பார்த்தான், நிறைந்திருந்தது, தலையாட்டினான். நங்கூரத்தைத் தூக்கினார்கள். ஆமாம், நான்தான் மாட்டினேன். யாரும் சொல்லித்தரவில்லை.

அறைக்கு வந்து அவர் படுக்கையைக் கலைத்தேன். தலையணையில் ஒரு பள்ளம் செய்தேன். டாக்டரம்மாவுக்கு வாந்தி, யாரும் தொந்தரவு செய்ய வேண்டாம், சாப்பாட்டை அறைக்கே கொடுங்கள் என்றேன். இரண்டு தட்டு வரும். தட்டு அப்படியே திரும்பிப் போனால் கப்பல் நர்ஸ் வந்து பார்ப்பாள். அதனால் இரண்டையும் நானே சாப்பிட்டேன். முதல் நாள் சூப்பும் மீனும். அடுத்த நாள் ஆட்டுக்கறி. பசி நன்றாக இருந்தது. முள்கரண்டியை எப்படிப் பிடித்தேன் என்று பார்க்க யாரும் இல்லை.

அவரைச் சாகடிக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. நாலு நாள் எனக்கு ஒன்றும் தெரியாமல் இருந்தது. அவரும் நாலு நாள் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருக்கட்டும், பிறகு சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதில் நியாயம் இருக்கிறது. அவர் அதுவரை தாங்கவில்லை. எழுபத்தொரு வயது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

வியாழக்கிழமை நர்ஸ் எனக்குத் தெரியாமல் கதவைத் திறந்துவிட்டாள். மேல்தளத்துக்குப் போயிருப்பார் என்றேன். கப்பல் முழுவதும் தேடினார்கள். பிறகு திருப்பினார்கள். மூடுபனியில் இறங்க முடியாமல் இன்னொரு நாள் போயிற்று. குடிசைக்குள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். வயதானவர், கவனக்குறைவாகக் கரையில் தங்கிவிட்டார், வில்லை எப்படியோ மாறிவிட்டது என்று எழுதினார்கள். யாருக்கு வாந்தி என்று என் அரைகுறை இங்கிலீஷால் தங்களுக்குத்தான் தப்பாகப் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள், நானும் திருத்தவில்லை. என்னைப் பார்த்து எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். கேப்டனின் மனைவி தன் கோட்டை எனக்குக் கொடுத்தாள்.

துறைமுகத்துக்கு வந்தபோது எனக்கு இன்னொரு தந்தி காத்திருந்தது. பிரிஜெட் பிழைத்துவிட்டாள். பெண் குழந்தை, அதுவும் பிழைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கிருஷ்ணப்பா ஆபரேஷன் செய்திருந்தார். ஒக்கலிபுரத்தில் சௌக்கியமாக இருக்கிறார்கள். நீங்கள் அங்கே போயிருப்பீர்கள். பிரிஜெட் வாராவாரம் டாக்டரம்மா பெயரில் சர்ச்சில் பூசை வைக்கிறாள். நானும் கூடப் போய் முழங்கால் போடுகிறேன்.

நீங்கள் கேட்காவிட்டால் இவ்வளவும் சொல்லியிருக்க மாட்டேன். அந்த நோட்டுப் புத்தகம் வந்துவிட்டது. பறவைக் கணக்கு எழுத டாக்டரம்மா வைத்திருந்த நோட்டு. கடைசிப் பக்கங்கள் தமிழில் இருந்ததால் அந்த ஊர்ப் போலீஸுக்குப் படிக்கத் தெரியவில்லை. ஒரு வருஷம் கழித்து இங்கே அனுப்பியிருக்கிறார்கள். நீங்கள் இப்போது வாசித்துக் காட்டினீர்கள்.

"பியாட்ரிஸ் ஆள் கூப்பிடப் போனாள், இன்னும் வரவில்லை. கப்பல் சத்தம் தூரத்தில் போய்விட்டது. மூடுபனியில் எங்கேயோ விழுந்து கிடக்கிறாள். அவளைத் தனியாக அனுப்பியது என் தப்பு. பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன்."

அடுத்த பக்கம். "குரல் போய்விட்டது. கிருஷ்ணப்பாவுக்கு வெள்ளிக்கிழமையே தந்தி கொடுத்தேன், உடனே ஆபரேஷன் செய் என்று. செய்திருப்பார். பியாட்ரிஸ் பெயரில் விமான டிக்கெட்டுக்குச் சொல்லியிருக்கிறேன், துறைமுகத்தில் கேட்டால் கிடைக்கும். அவளை உயிரோடு கண்டால் முதலில் அவளை ஏற்றி அனுப்புங்கள்."

அவர் எழுத்துதான். எனக்குத் தெரியாதா? விமானத்தில் யார் போவது என்றுகூட என்னைக் கேட்காமல் முடிவு செய்திருக்கிறார், பாருங்கள்.

இதைக் கேட்டபிறகாவது வருத்தப்படுகிறாயா என்கிறீர்கள். வருத்தம் இல்லை, சார். இரண்டு நாள் அந்தக் குளிரில் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். ஒரு தடவைகூட, ஒரே ஒரு தடவைகூட, இதைச் செய்தது நான்தான் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவ்வளவு கோபம் எனக்கு வரும் என்று கடைசி மூச்சு வரைக்கும் அந்த அம்மா நம்பவில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.