திட்டும் சத்தம் நின்றால்

தலைமை வகிக்கும் மேயர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, மெர்சோ ஊரின் திராட்சைக் குடும்பங்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

கொஞ்சம் பேச்சை நிறுத்துகிறேன். காது கொடுத்துக் கேளுங்கள். கேட்கிறதா? இந்தக் கூடத்துக்குக் கீழே, நிலவறையில், முப்பத்திரண்டு ஓக் பீப்பாய்களில் இவ்வாண்டுச் சாறு நுரைத்துக்கொண்டிருக்கிறது. நேற்று வரை பலமாகக் கேட்டது. இன்று தணிந்துவிட்டது. எனக்கு அந்தச் சத்தமும் பயம், அது தணிவதும் பயம். மறைத்து என்ன ஆகப்போகிறது?

நம் நிலவறைத் தலைவி மதாம் ஹொர்த்தான்ஸ் ப்ரிவோ அவர்களைப் பற்றிப் பேச என்னை அழைத்தீர்கள். பத்தொன்பது அறுவடைகள் அவரோடு வேலை செய்தவன் நான். மெர்சோ வெள்ளை ஒயினில் வெண்ணெயும் வறுத்த பாதாமும் மணக்கிறது என்று பாரிஸ்காரர்கள் மெச்சுகிறார்களே, அது யாருடைய மூக்கைக் கேட்டு வந்த மணம்? அவருடைய மூக்கை! பீப்பாய் விற்க வருகிறவரிடம், "ஒயின்ல புது மர வாசம் பேசட்டும்யா, கத்தக் கூடாது" என்று சொல்லி, நாலுக்கு ஒன்றுதான் புதிதாக வாங்குவார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அவர் மூக்கைப் பற்றி அல்ல, வாயைப் பற்றி.

சாறு நுரைக்கும் நாட்களில் நிலவறைத் தரையில் கெட்ட காற்று தேங்கும். கண்ணுக்குத் தெரியாது, நிற்கிற ஆளைச் சாய்த்துவிடும். முதலில் இறங்குவது யார்? எப்போதும் அவர்தான்! இடுப்பில் கயிறு, முழங்கால் உயரத்தில் மெழுகுவர்த்தி. சுடர் அணைந்தால் திரும்பிவிட வேண்டும். ஆனால் சுடரை மட்டும் அவர் நம்பமாட்டார். மேலே கயிற்றைப் பிடித்து நிற்கும் என்னைத் திட்டிக்கொண்டே இறங்குவார்.

"டேய் அனத்தோல், தடியா! நீ வைக்கிற சூப்பை நாய்கூட மோந்து பாக்காது. புது ஏணியை எங்கடா தொலைச்சே? நான் திட்டுற சத்தம் நின்னா கயிறை இழு. யோசிக்காதே, இழு!"

ஒருமுறை கேட்டேன். "ஏன் மதாம், பாட்டு பாடிக்கிட்டு இறங்கக் கூடாதா? ஊரே சிரிக்குது."

"பயத்துல பாட்டு மறந்துபோகுதுடா. உன்னைத் திட்டத்தான் யோசிக்கவே வேண்டாம்."

அவருக்கும் பயம்! அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

போன வியாழக்கிழமை, இதோ மூன்றாம் வரிசையில் தலை குனிந்திருக்கும் நம் நிலவறைத் தொழிலாளி பாஸ்தியேன், மறந்து வைத்த தொப்பியை எடுக்கத்தானே என்று மெழுகுவர்த்தி இல்லாமல் இறங்கி, விழுந்தார். நம்மிடம் இருந்தது ஒரே கயிறு. அதைக் கட்டிக்கொண்டு மதாம் இறங்கினார். "எந்திரிடா மாடே, உன்னைத் தூக்க நான்தான் கிடைச்சேனா!" என்று குரல் வந்தது. பிறகு, "இழுடா அனத்தோல்!" இழுத்தேன். மேலே வந்தது பாஸ்தியேன்.

மதாம் தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து அவருக்குக் கட்டியிருந்தார், அவையோரே! நான் முடிச்சை அவிழ்த்து மறுபடி கீழே போடுவதற்குள், "அனத்தோல், நீ ஒரு..." அவ்வளவுதான். நான் ஒரு என்ன என்று அவர் சொல்லவேயில்லை.

பாஸ்தியேன், தலையை நிமிர்த்துங்கள். அவர் எதையும் வீணாகத் தூக்குகிறவர் இல்லை.

தீயணைப்பு வீரர்கள் முகமூடியோடு வந்து மதாமின் உடலை எடுத்துச் சென்ற பிறகு, நம்மில் ஒருவரும் அந்தப் படியில் கால் வைக்கவில்லை. நுரை தணிந்தால் பீப்பாயில் மட்டம் இறங்கும், அந்த இடத்தில் காற்று புகும். இன்று சாறு ஊற்றி நிரப்பாவிட்டால் அவர் கடைசியாக ஆக்கிய ஒயின் புளித்துப்போகும். கதவுகளை நான்கு நாளாகத் திறந்தே வைத்திருக்கிறோம். கெட்ட காற்று போயிற்றா? முதலில் இறங்குகிறவனுக்குத்தான் தெரியும்.

இத்தகைய கூட்டங்களில், விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று உறுதி கூறுவார்கள். நானும் கூறுகிறேன். இந்தப் பேச்சு முடிந்ததும் இறங்குகிறேன். இதோ மெழுகுவர்த்தி. இன்று கயிறு இரண்டு. என் இடுப்புக் கயிற்றை பாஸ்தியேன் பிடிப்பார்.

இறங்கும்போது யாரைத் திட்டுவது என்று நான்கு நாளாக யோசித்தேன். மதாமைத்தான் திட்டப்போகிறேன். கயிற்றை ஏன் அவிழ்த்தீர்கள் என்று திட்டுவேன். நான் ஒரு என்ன என்று கேட்டுத் திட்டுவேன். மேயர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, காதைப் பொத்திக்கொள்ளாதீர்கள். என் சத்தம் நின்றால், யோசிக்காமல் இழுங்கள்.